மலையாளம் மாதிரி

செங்கோட்டை வீட்டை வாடகைக்கு விடுவது என்று முடிவானதும் போன மாதம் பரணை ஒழித்தோம். ஆச்சியின் டிரங்குப் பெட்டியில், பழைய பத்திரக் கட்டுக்கு அடியில், பதினாலு கேசட் கிடந்தது. பதின்மூன்றில் சினிமாப் பாட்டும் சாமி பாட்டும். பதினாலாவது, தொலைந்தே போய்விட்டது என்று நான் பல வருஷமாக நினைத்திருந்த கேசட். டிடிகே, 60 நிமிஷம். உள்ளே மடித்து வைத்த அட்டையில் அண்ணனின் கையெழுத்து, நீல ரெனால்ட்ஸ் பேனாவில்:

தகரம்.
ஃபால்.
அழுகுறவன்.
மழைப்பாட்டு.
வேகமாப் போற பொண்ணு.
மலையாளம் மாதிரி – கார்க்கி??

இதில் ஃபால் ஒன்றுதான் நிஜப் பெயர். மற்றதெல்லாம் பெயர் தெரியாத பாட்டுகளுக்கு நாங்களே வைத்தது. 1996 ஜூலையில் ஒரு ராத்திரி, பிபிசி உலக சேவையில் ஜான் பீல் போட்ட பாட்டுகள் இவை. அண்ணன் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். நான் பத்தாம் வகுப்பு.

ஜான் பீலைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடலில் நின்ற கப்பலிலிருந்து ஒலிபரப்பிய ரேடியோ லண்டனில் பெயர் வாங்கி, 1967-ல் பிபிசி ரேடியோ 1 தொடங்கியபோது அங்கே சேர்ந்தவர். 2004 அக்டோபர் 25-ல் பெரு நாட்டின் குஸ்கோ நகரில் 65 வயதில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்க்காத குழுக்கள், சின்ன ஊர்களில் நாலு பையன்கள் கைக்காசு போட்டுப் பதிவு செய்த தட்டுகள், ஜிம்பாப்வே கிட்டார், ஜமைக்கா ரெகே, காதைக் கிழிக்கிற இரைச்சல், எல்லாவற்றையும் ஒரே மரியாதையோடு போடுவார். ஆல்டர்நேட்டிவ் என்று கடைகளில் ஒரு அடுக்குக்குப் பெயர் எழுதி வைத்திருப்பார்களே, அதில் பாதிப் பேர் முதலில் அவர் கை வழியாக வந்தவர்கள். உள்நாட்டு ரேடியோவில் ராத்திரி ராத்திரியாக அவர் நிகழ்ச்சி ஓடியது. உலக சேவையில் வாரத்துக்கு அரைமணி. எங்களுக்குக் கிடைத்தது அந்த அரைமணி.

அவர் குரல்தான் முதலில் பிடித்தது. எங்களுக்குத் தெரிந்த ரேடியோக் குரல்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுகிறவை. இவர் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து, தூங்குகிற பிள்ளை எழுந்துவிடக் கூடாதே என்பது போலப் பேசுவார். என்ன சொல்கிறார் என்பதில் பாதி புரியாது. நாங்கள் இரண்டு பேருமே தமிழ் மீடியம்.

ரேடியோ, மாமா சார்ஜாவிலிருந்து கொண்டுவந்த நேஷனல் பானசோனிக் டூ இன் ஒன். ராத்திரி ஒன்பதே காலுக்கு அப்பா அதில் பிபிசி தமிழோசை கேட்பார். முடிந்ததும் "சரி" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு எழுந்து போவார். அந்த "சரி"க்கு அப்புறம் ரேடியோ எங்களுடையது. சிற்றலையில் 31 மீட்டரில் ஸ்டேஷன்கள் நெல்மணி மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். முள்ளை ஒரு மயிரிழை நகர்த்தினால் சீனமோ அரபியோ வந்துவிடும். அதனால் டயல் கண்ணாடியில் என் குட்டெக்ஸால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்திருந்தோம். முள் அந்தப் பொட்டுக்கு வலதுபக்க ஓரத்தில் நிற்க வேண்டும், நடுவில் நின்றால் வராது.

ஏரியலுக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடையில் செம்புக்கம்பி வாங்கி, ஜன்னலிலிருந்து கொல்லைத் தென்னை வரைக்கும் அண்ணன் இழுத்துக் கட்டியிருந்தான். ஜூலை என்பதால் சாரல். ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று இறங்கும்போது தென்னை ஆடும், கம்பியும் ஆடும். ஆனாலும் சிற்றலை கேட்க எங்கள் ஊரில் சாரல் காலம் போல ஒரு காலம் கிடையாது. சித்திரை வெயில் மழையிலும் ஐப்பசி அடைமழையிலும் இடி மின்னல் இருக்கும், ஒவ்வொரு மின்னலுக்கும் ரேடியோ படபடவென்று பொரியும். சாரலில் இடி அபூர்வம். அது பாட்டுக்குப் பெய்துகொண்டிருக்கும்.

மேற்கே சுவர் மாதிரி மலை நிற்கிறது. டிவி அலை நேர்கோட்டில் வருவது, அதை மலை மறித்துவிடும். சிற்றலை வானத்தில் அயனி அடுக்கில் முட்டித் திரும்பி மேலேயிருந்து இறங்குகிறது, மலையை அது சட்டை செய்வதில்லை. பிபிசிக்குச் சிங்கப்பூரில் கிராஞ்சியிலும் ஓமானில் மசீரா தீவிலும் மறு ஒலிபரப்பு நிலையங்கள் இருந்தன. லண்டனில் பேசுகிற ஒருவரின் குரல் அப்படி எங்கோ ஒரு கரையில் இறங்கி, மறுபடி ஏறி, கடலைத் தாண்டி, எங்கள் தென்னைமரத்துக் கம்பியில் வந்து உட்கார்ந்தது. 1996 சூரியப்புள்ளிகள் மிகக் குறைவாக இருந்த வருஷம் என்று பிறகு படித்தேன். அந்த மாதிரி வருஷங்களில் ராத்திரியானால் உயர்ந்த அலைவரிசைகள் செத்துவிடும், 31 மீட்டரும் அதற்குக் கீழான அலைவரிசைகளும்தான் தாங்கும். நாங்கள் இதெல்லாம் தெரியாமலே சரியான இடத்தில் பொட்டு வைத்திருக்கிறோம்.

சிற்றலையில் பாட்டு கேட்டவர்களுக்கு அந்த ஏற்ற இறக்கம் தெரியும். பாட்டு கிணற்று வாளி மாதிரி இறங்கும், இறங்கி அடியில் முங்கும், அப்புறம் தளும்பத் தளும்ப ஏறி வரும். முங்கும்போது சத்தம் மட்டும் குறைவதில்லை. சில சுரங்கள் மட்டும் காணாமல்போய், மீதி சுரங்கள் தகரக் குழாய்க்குள் போனது போல முறுகும். இது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அநேகமாக, ஜான் பீல் பாட்டின் பெயரைச் சொல்கிற நேரத்தில் வரும்.

பெயரும் தெரியாமல், வார்த்தையும் புரியாமல் எப்படிக் கேட்டீர்கள் என்று என் மகள் கேட்டாள். அவளுக்குப் பாட்டு வருவதற்கு முன்பே பெயர் வந்துவிடுகிறது, படம் வந்துவிடுகிறது, வார்த்தைகள் கீழே ஓடுகின்றன. நான் யோசித்துச் சொன்ன பதில், எங்கள் ஊர் எங்களுக்கு அதைப் பழக்கியிருந்தது என்பதுதான்.

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பிறகு அது சேர்ந்த திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. ஊர் வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையை இன்றைக்கும் பார்க்கலாம். ஆச்சி பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். வீட்டுப் பத்திரங்களில் பழையவை மலையாளத்தில்தான் இருக்கும். ஆச்சி பேசியது தமிழ், ஆனால் ரேடியோவில் கேட்டது திருவனந்தபுரம் ஆகாசவாணி. காலையில் செய்தி, மத்தியானம் பாட்டு, ராத்திரி நாடகம். நாங்கள் அடுக்களை வாசலில் தோசைக்குக் காத்திருக்கும்போது அந்தக் குரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று வார்த்தையில் ஒன்று புரியும். மீதி இரண்டையும் காது விட்டுவிடாது, ஒரு பக்கமாக வாங்கி வைத்துக்கொள்ளும். ஒருவர் கோபமாகப் பேசுகிறாரா, கெஞ்சுகிறாரா, பொய் சொல்கிறாரா என்பது வார்த்தை தெரியாமலே தெரிந்துவிடும். எல்லையில் வளர்கிற பிள்ளைகளுக்கு இது தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. புரியாததைக் கண்டு காது விலகாது. ஜான் பீலின் அரைமணி நேரம் எங்களுக்குள் அத்தனை சுலபமாக இறங்கியதற்குக் காரணம் ஆச்சியின் ஆகாசவாணி என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். பெரிய ஊர்களில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்து இந்தப் பாட்டுகளைக் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு வார்த்தை கிடைத்தது. எங்களுக்குக் குரல் மட்டுமே கிடைத்தது, அதை ஓட்ட ஓட்டக் கேட்டோம்.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

நிகழ்ச்சி தொடங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. டூ இன் ஒன்னுக்குப் பெரிய பேட்டரிக் கட்டை ஆறு வேண்டும். வீட்டில் இருந்தது தீரப்போகிற கட்டை. மற்ற மாதமாக இருந்தால் கட்டைகளை மாடியில் வெயிலில் காயப்போட்டுக் கொஞ்சம் உயிர் ஏற்றிக்கொள்வோம், சாரல் மாதத்தில் வெயிலுக்கு எங்கே போவது? மெழுகுவத்தி வெளிச்சத்தில் அண்ணன் கட்டையை மாட்டி, ரெக்கார்டையும் பிளேயையும் சேர்த்து அமுக்கினான். உடனே ஊய்யென்று விசில். சிற்றலையைப் பதியும்போது டேப்புக்காக உள்ளே ஓடுகிற அலையும் ரேடியோ அலையும் ஒன்றோடொன்று மோதி இந்த விசில் வரும். அதற்காகவே செட்டின் பின்பக்கம் பீட் கட் என்று ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருப்பார்கள். தடவிக் கண்டுபிடித்துத் தள்ளினான். விசில் நின்றது. இந்த விசிலும், அது அறுந்து விழுகிற இடமும் கேசட்டின் தொடக்கத்தில் அப்படியே இருக்கிறது. அதைக் கேட்டபோது எனக்கு அந்த மெழுகுவத்தி வாசமே வந்துவிட்டது.

அதற்கு மேல் வீட்டுச் சத்தம் எதுவும் இல்லை. ஆச்சி இருமுவாள், அம்மா ஏதாவது சொல்வாள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ரேடியோவிலிருந்து உள்ளுக்குள்ளேயே பதிவாவதால் மைக் வேலை செய்யாது. அவர்கள் எல்லாரும் அந்த அறையில்தான் இருந்தார்கள், ஆனால் இதில் இல்லை.

கேசட்டை உடனே போட்டுக் கேட்டுவிடவில்லை. டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தது. சாரல் ஊரில் பூட்டி வைத்த பெட்டியில் வேறென்ன இருக்கும். டேப்பின் முதுகை ஹெட்டோடு சேர்த்து அமுக்குகிற கம்பளித் துண்டும் பசை விட்டுக் கீழே விழுந்து கிடந்தது. அது இல்லாவிட்டால் சத்தம் மங்கலாகத்தான் வரும். நல்லவேளையாகத் திருகாணி வைத்த கேசட், ஒட்டினதாக இருந்தால் பிளேடு வைத்துப் பிளக்க வேண்டும். ஐந்து திருகாணியையும் கழற்றி, இரண்டு சுருளையும் விரலால் ஏந்தி எடுத்து, அறுந்துபோன ஒரு பக்திக் கேசட்டின் கூட்டுக்குள் மாற்றி வைத்தேன். மாற்றும்போது மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன். நாலு மில்லிமீட்டர்கூட அகலம் இல்லாத நாடா, சுருள் ஒருமுறை குலைந்தால் கதை முடிந்தது. அப்புறம் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மெல்லிய துணியை டேப்பின் மேல் பட்டும் படாமலும் பிடித்து, நடராஜ் பென்சிலைப் பல்சக்கரத்தில் கொடுத்துக் கையாலேயே கடைசிவரை சுற்றினேன். துணியில் சுண்ணாம்பு மாதிரிக் கோடு விழுந்தது. ஒரு மத்தியானம் முழுக்க அந்த வேலைக்குப் போனது.

பிளேயரிலிருந்து மடிக்கணினிக்கு வயர் போட்டுப் பதிவு செய்தேன். தகரம் நன்றாகவே வந்தது. போகப் போக ஏதோ சரியில்லை. ஜான் பீலின் குரல் மெலிந்துகொண்டே வந்தது, கடைசியில் சின்னப் பையன் குரலாகிவிட்டது. பாட்டு அடையாளம் சொல்லும் செயலியிடம் வைத்தால் ஒன்றுகூடத் தெரியவில்லை என்றது. காரணம் அந்தக் கட்டைகள்தான். கட்டை தளரத் தளர மோட்டார் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் வேகமாகத்தான் கேட்கும். இதை அன்றைக்கும் கேட்டிருக்கிறோம், இதுதான் பாட்டு என்று பழகிவிட்டோம். ஆனால் எவ்வளவு வேகம் கூடியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விடை கேசட்டின் கடைசியிலேயே இருந்தது. கிரீன்விச் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் ஐந்தரை மணி வித்தியாசம், அதனால் அங்கே மணி முழுசாகும்போது நமக்கு அரைமணி. நிகழ்ச்சி நமக்கு முழுமணியில் தொடங்கி அரைமணியில் முடிந்தது. முடிந்ததும் கிரீன்விச் நேரத்துக்கான ஆறு பீப். 1924-லிருந்து பிபிசி ஒலிபரப்புவது. நொடிக்கு ஒன்றாக ஐந்து குட்டை பீப், ஆறாவது மட்டும் நீளம். முதல் பீப் தொடங்கி ஆறாவது தொடங்குவதற்குச் சரியாக 5 நொடி. ஒவ்வொன்றின் சுருதியும் 1000 ஹெர்ட்ஸ். 30 நிமிஷப் பக்கத்தில் இந்த ஆறு பீப்புக்கும் இடம் கிடைத்ததற்கும் டேப் மெதுவாக ஓடியது உதவியிருக்கும். தளர்ந்த கட்டை கெடுத்ததை அளக்க ஒரு அளவுகோலையும் அதுவே பிடித்து வைத்திருந்தது.

ஒலியைத் திருத்துகிற ஆடாசிட்டி மென்பொருளில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு முளைக்குச்சி வரிசையாக நட்டது மாதிரி இருந்தது. அளந்தேன்: 4.72 நொடி. சுருதி 1059 ஹெர்ட்ஸ். ஏறக்குறைய 6 சதவீதம் வேகம். சங்கீதக் கணக்கில் ஒரு சுரத்தானம் மேலே ஏறியிருக்கிறது. கடைசிப் பாட்டை அந்த அளவுக்குக் குறைத்தேன். முன்னால் உள்ள பாட்டுகளுக்குப் படிப்படியாகக் குறைவாக. இரண்டு ராத்திரி உட்கார வேண்டியிருந்தது.

அழுகுறவனுக்கு முதலில் பெயர் கிடைத்தது. நாட்டிங்ஹாமின் டிண்டர்ஸ்டிக்ஸ். அடித்தொண்டையில் நடுங்கி நடுங்கிப் பாடுகிற அந்தக் குரல் வேகம் குறைந்ததும் இன்னும் ஒரு படி இறங்கி, அழுகைக்குப் பதிலாக வேறு ஏதோ ஆகிவிட்டது, அழுது முடித்தவன் பேசுவது மாதிரி. வேகமாப் போற பொண்ணு, ஸ்டீரியோலேப். லண்டன் குழு, ஆனால் பாடுகிற லெட்டீசியா சாடியே பிரான்சுக்காரர். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பாடுவார். வேகத்தைக் குறைத்த பிறகும் அந்தப் பொண்ணு வேகமாகத்தான் போகிறாள், அந்தத் தாளம் அப்படி.

ஃபால் அன்றைக்கே தெரியும். ஜான் பீல் அந்தப் பெயரை மட்டும் அழுத்திச் சொல்வார். மான்செஸ்டர் பக்கத்துக் குழு, 1976-ல் தொடங்கியது. அவர் நிகழ்ச்சிக்காக 24 முறை தனியாக வந்து வாசித்துப் பதிவு செய்தவர்கள். அதன் பாடகர் மார்க் ஈ. ஸ்மித் பாடமாட்டார், சொல்லி எறிவார். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கேரளாவுக்குப் போகிற காய்கறியை ஏலம் விடுகிறவர் குரல் அப்படியே. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் வேறு கோணத்தில் இழுத்து. அண்ணனுக்கு உயிர் அந்தக் குழு. அவன் குளிக்கும்போது கொல்லையிலிருந்து அந்த ஏலம் கேட்கும்.

தகரமும் மழைப்பாட்டும் இன்னும் பிடிபடவில்லை. மழைப்பாட்டில் இருக்கிற மழை, பாட்டுக்காரர்கள் வைத்ததா, சிற்றலை இரைச்சலா என்பதே எனக்கு இன்னும் தீரவில்லை. பி பக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேறு வாரங்களில் எடுத்தது. டேப் மிச்சமாகட்டும் என்று ஜான் பீல் பேசும் இடத்திலெல்லாம் அண்ணன் பாஸை அமுக்கிவிட்டான். அதற்காக அவனோடு நான் இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் இப்போதும் படுகிறது.

மிச்சம் மலையாளம் மாதிரி. மெதுவாகத் தொடங்கும், கூடவே ஒரு வயலின். பையன் ஒருவன் பாடுகிறான், ஆங்கிலம் இல்லை. ஒரு வரி பாடி, அதன் கடைசியில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு காற்றை விடுவான். அன்றைக்கு ஆச்சி எட்டிப் பார்த்து, "இது ஏது, நம்ம ஸ்டேஷன் வந்துட்டா?" என்று கேட்டாள். அதிலிருந்துதான் அந்தப் பெயர். பாட்டு முடிந்ததும் ஜான் பீல் பெயரைச் சொல்வார், வாளி அப்போது பார்த்து முங்கும். அண்ணன் மட்டும் அவர் கார்க்கி என்று சொன்னார் என்று சாதித்தான். நூலகத்திலிருந்து கார்க்கியின் நாவலை எடுத்துவந்து தமிழில் படித்துக்கொண்டிருந்தான் அப்போது. படிக்கிறது காதில் கேட்குது உனக்கு என்றேன். அதனால்தான் அட்டையில் இரண்டு கேள்விக்குறி. ஒன்று அவன் போட்டது, ஒன்று நான் போட்டது.

வேகத்தைச் சரிசெய்து அந்த இரண்டு நொடியை மட்டும் வெட்டி ஹெட்போனில் முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். கார்க்கி இருக்கிறது. கார்க்கிஸ். அதற்கப்புறம் முங்கல். முங்கி ஏறும்போது வாலாக ஒரு மங்க்கி. மடிக்கணினியில் அந்த இரண்டையும் சேர்த்துத் தேடினேன்.

கார்க்கிஸ் ஸைகாட்டிக் மங்க்கி. வேல்ஸ் நாட்டில் கார்மார்தன் என்ற ஊரில் பள்ளித் தோழர்களாகச் சேர்ந்த பையன்கள், வயலின் வாசித்தது பாடகரின் அக்கா தங்கை யாரோ என்று நினைத்தேன், சகோதரிதான், மேகன் சைல்ட்ஸ். ஜான் பீல் விடாமல் போட்ட குழு. ஆங்கிலத்திலும் பாடினார்கள், வெல்ஷ் மொழியிலும் பாடினார்கள். நாங்கள் கேட்டது வெல்ஷ். நாக்கை ஒட்டிக் காற்று விடுகிற அந்த ஒலி வெல்ஷில் ஒரு தனி எழுத்து. ஆங்கிலத்துக்குப் பக்கத்திலேயே, ஆங்கிலத்தின் நிழலிலேயே இருந்துகொண்டு, தன் ஒலியை விடாமல் வைத்திருக்கிற மொழி. அதை உலகம் முழுக்கப் போகிற ஆங்கில நிகழ்ச்சியில், விளக்கம் எதுவும் சொல்லாமல், மற்றப் பாட்டுகளோடு பாட்டாக வைத்து அனுப்பியிருக்கிறார் அந்த மனிதர். அது இங்கே வந்து இறங்கியதும், பக்கத்து மொழியோடு வாழ்ந்து பழகிய ஒரு கிழவிக்குத் தன் ஸ்டேஷன் மாதிரிக் கேட்டிருக்கிறது.

கொல்லத்தில் இருக்கும் அண்ணனுக்கு அப்போதே போன் செய்தேன். ராத்திரி பதினொன்றரை.

"அண்ணே, அந்தக் கடைசிப் பாட்டு கிடைச்சிட்டு."

"எதுட்டி?"

"மலையாளம் மாதிரி."

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. அப்புறம் கேட்டான், "கார்க்கின்னு சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு."

"நான் அப்பமே சொன்னேம்லா."

சரிசெய்த பதிவை அனுப்பினேன். மறுநாள் காலையில் ஒரு குரல் செய்தி வந்திருந்தது. ரயிலில் உட்கார்ந்து கேட்டானாம், புனலூர் தாண்டி, பதிமூன்று கண் பாலம் வரும்போது அந்தப் பாட்டு வந்ததாம். எங்கே போகிறான் என்று கேட்டேன். வீட்டுக்குத்தான், பி பக்கத்தையும் சேர்ந்து கேட்கலாம் என்றான்.

அவன் வருவதற்கு முன்னால் அட்டையை எடுத்தேன். நீல ரெனால்ட்ஸ் வீட்டில் இன்னும் இருக்கிறது. கார்க்கிக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு கேள்விக்குறியில் நான் போட்டதை மட்டும் அடித்தேன். இன்னொன்றை அடிக்க வேண்டியவன் அவன்.